பருவம் ஓய்ந்த மலைநாட்டில் ஐந்து நாள்

நுவரெலியாவுக்குப் போகத் தக்க காலம் எது என்று யாரை வினவினாலும், ஏப்பிரல் மாதம் என்றே விடை வரும். உதகமண்டலத்துக்கு மே மாதம் எப்படியோ, நுவரெலியாவுக்கு ஏப்பிரல் அப்படி. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிக் குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, மோட்டார்ப் போட்டி என்று நகரம் களைகட்டிவிடும். சமவெளியிலுள்ளோர் வெயிலுக்கு அஞ்சி, 6,000 அடிக்கு மேலுள்ள அந்தக் குளிர்ச்சியை நாடி ஓடுவது இயல்பே. வெள்ளைக்காரத் துரைமார் தொடக்கிவைத்த வழக்கம், அவர்கள் கப்பலேறிய பின்னும் நின்று நிலைக்கின்றது.

நாமும் குடும்பத்தோடு இருமுறை அப்பருவத்திற் போய் வந்தோம். இறம்பொடை ஏற்றத்தில், முன்னே சென்ற வண்டியின் பின்புறத்தையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். கிறகறி வாவிக் கரையிற் கால் வைக்க இடமில்லை. அறை வாடகையைக் கேட்டபோது குளிருக்கு முன் நடுக்கம் வந்தது. வீடு திரும்பிய பின், என்ன கண்டீர்கள் என்று பிள்ளைகளைக் கேட்டோம். மகன் குதிரை என்றான். மகள் சனக்கூட்டம் என்றாள். மலைநாட்டைக் கண்டோமா, மலைநாட்டுக்கு வந்தவர்களைக் கண்டோமா என்ற ஐயம் அன்றுதான் எமக்குத் தோன்றியது.

ஆகவே இம்முறை பருவம் ஓய்ந்த காலத்தில், யாழ்ப்பாணத்திலிருந்து சொந்த வண்டியில், ஐந்து நாட் சென்று வருவதெனத் திட்டம் வகுத்துள்ளோம். மாலை வேளைகளில் மேசைமீது தேசப்படத்தை விரித்துவைத்துக் குடும்பமாக இருந்து பேசி எழுதிய திட்டம் இது. போக எண்ணுகின்ற ஏனைய குடும்பங்களுக்கும், புவியியலையும் வரலாற்றையும் ஏட்டில் மட்டும் படிக்கின்ற மாணவர்க்கும் பயன்படலாமென்று அதனை இங்கே எடுத்துரைக்கின்றோம்.

எந்த மாதம்?

மலைநாட்டின் மழையை அறியாது அங்கே வண்டி ஓட்டப் புறப்படுதல் தகாது. நாட்டின் நடுவே எழுந்துநிற்கும் மலைத்தொடர், இரு பருவக் காற்றுகளுக்கும் இடையே மதிலாக நிற்கின்றது. மே முதல் செப்ரெம்பர் வரை வீசும் தென்மேற்குக் காற்று, கடலிலிருந்து அள்ளிவந்த நீரையெல்லாம் மேற்குச் சரிவிற் கொட்டுகின்றது. கினிகத்தேனை, வட்டவளை, ஹற்றன், மஸ்கெலியா ஆகிய ஊர்கள் அச்சரிவில் உள்ளவை. இலங்கையில் மிகுதியாக மழை பெறும் இடங்களுள் வட்டவளையும் ஒன்று. மதிலைத் தாண்டிய காற்றோ நீரற்ற வெறுங் காற்று. எனவே அதே நாட்களில் வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் வரண்டு கிடக்கும். பட்டிப்பொளைக்கும் ஒஹியாவுக்கும் இடையிலுள்ள புகையிரதச் சுரங்கத்தின் ஒரு வாயிலில் மழையும் மறு வாயிலில் வெயிலுமாக இருப்பதைத் தென்மேற்குப் பருவத்திற் பயணஞ் செய்தோர் கண்டிருப்பர். வகுப்பறையில் ஒரு மணி நேரம் விளக்கும் பாடத்தை அந்தச் சுரங்கம் சில நிமிடங்களிற் கற்பித்துவிடும்.

ஒக்ரோபரிலும் நவம்பரிலும் நிலை வேறு. அது பருவக் காற்றுகள் மாறும் இடைக்காலம். காலை வெளித்திருக்கும், பிற்பகலில் இடியோடு மழை கொட்டும், வங்கக் கடலிற் புயலும் எழும். ஏற்கெனவே நனைந்து ஊறிய மண் சரிவதற்கும் அதுவே காலம். 2014 ஒக்ரோபர் 29 ஆந் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் காலை வேளையில் மண்ணுள் மறைந்தன. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயல், மலையக மாவட்டங்களெங்கும் மண்சரிவை உண்டாக்கிப் பேரிழப்பை ஏற்படுத்தியது. வீதிகளும் புகையிரதப் பாதையும் பல இடங்களிற் சிதைந்தன. சனவரி, பெப்ரவரியில் மழை குறையும். ஆனால் நுவரெலியாவில் விடியற்காலையில் உறைபனி படியும். டிசெம்பர்ப் பௌர்ணமி தொடக்கம் வைகாசிப் பௌர்ணமி வரை சிவனொளிபாதமலைக்குச் செல்லும் யாத்திரிகரால் ஹற்றன், மஸ்கெலியா வீதிகள் நிரம்பியிருக்கும்.

இவற்றையெல்லாம் ஒப்புநோக்கி, தென்மேற்கு மழை தளரத் தொடங்குவதும் இடைக்கால மழை இன்னும் தொடங்காததுமான ஓகஸ்ட் இறுதி, செப்ரெம்பர் முற்பகுதியைத் தெரிந்தோம். நல்லூர்க் கந்தனின் தீர்த்தத் திருவிழா முடியாமல் யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஊரைவிட்டு வெளிக்கிடுவதில்லை; கண்டிப் பெரஹராவின் நெருக்கடியையும் தவிர்த்தல் வேண்டும். இரண்டும் முடிந்த ஒரு கிழமையே எமக்கு உகந்தது. மழை இராது என்று இதற்குப் பொருளில்லை. நாள்தோறும் சிறிது நனையத்தான் வேண்டியிருக்கும்.

வண்டியும் வீதியும்

மலைவீதி வண்டியைச் சோதிக்கும். ஓட்டுபவரை அதனினும் கடுமையாகச் சோதிக்கும். புறப்படுவதற்கு ஒரு கிழமை முன்பே பிறேக், டயர், மழை துடைக்கும் வைப்பர், பனிமூட்டத்துக்கான மஞ்சள் விளக்கு ஆகியவற்றைப் பார்ப்பித்துக்கொள்ளல் வேண்டும். இறக்கத்திற் பிறேக்கை விடாது மிதித்துக்கொண்டு செல்வோர் பலர். அது சூடேறி, தேவைப்படும் வேளையிற் பிடியாது போய்விடும். எந்தக் கியரில் ஏறுவோமோ அந்தக் கியரிலேயே இறங்குதல் வேண்டும் என்பது பழைய சாரதிகளின் விதி. ஒடுங்கிய இடத்தில் ஏறிவரும் வண்டிக்கு இறங்கிவரும் வண்டி வழிவிடுதல் மலைநாட்டு மரபு.

இவை வெறும் எச்சரிக்கைகளல்ல. 2023 சனவரி 20 ஆந் திகதி நானுஓயாவை அடுத்த ரதல்லைக் குறுக்கு வீதியில் நேர்ந்த விபத்தில் 7 பேர் மாண்டனர். 2025 மே 11 ஆந் திகதி, இறம்பொடைக்கு அருகே கெரண்டியெல்லையில் ஒரு பேருந்து பள்ளத்தில் வீழ்ந்து 20 இற்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். இருவிடத்தும் எமது வழி செல்லும். ஆதலால், சிறிது தூரம் மிச்சமாகுமென்று குறுக்கு வீதியில் இறங்குவதில்லை எனவும், மாலை 4 மணிக்குப் பின் மலையில் வண்டி ஓட்டுவதில்லை எனவும் தீர்மானித்தோம். மகன் அதனைச் சிவப்பு மையில் எழுதித் திட்டத்தின் தலைப்பில் ஒட்டிவைத்துள்ளான்.

மண்சரிவு எச்சரிக்கையை நாள்தோறும் பார்த்தல் இன்றியமையாதது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மூன்று நிறங்களில் அதனை வெளியிடுகின்றது. மஞ்சள் என்றால் விழிப்பாயிரு. செம்மஞ்சள் என்றால் ஆயத்தமாயிரு. சிவப்பு என்றால் இடத்தைவிட்டு வெளியேறு. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்தாலே முதற் கட்ட எச்சரிக்கைக்கு இடமுண்டு. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் தொலைபேசி எண் 117. செம்மஞ்சள் அறிவிப்பு வந்தால் அவ்வீதியை விடுவது, சிவப்பு வந்தால் பயணத்தையே விடுவது என்பது எமது முடிபு. நாம் திரும்பி வந்துவிடலாம். அம்மலையில் வாழ்வோர்க்கோ அந்த நிறங்கள் மழைக்காலந்தோறும் வரும் சேதி.

ஒரு தொலைபேசி உரையாடல்

எமது கல்லூரியில் உயர்தரம் கற்ற மாணவர் ஒருவர் இன்று ஹற்றன் பகுதிப் பாடசாலையொன்றில் ஆசிரியராக உள்ளார். வீதியின் நிலையை அறிவதற்காக அவருடன் பேசினோம். எமது திட்டத்தின்படி வெள்ளிக்கிழமை அவருடைய ஊரை அடைவதாக இருந்தது. அதனைக் கேட்டதும் அவர் கூறினார்: "சேர், வெள்ளிக்கெழம வந்தீங்கன்னா மலையப் பார்ப்பீங்க, மனுசரப் பார்க்க மாட்டீங்க. விடிஞ்சதும் எல்லாரும் வேலைக்குப் போயிருவாங்க. ஞாயித்துக்கெழம வாங்க சேர். அன்னைக்குத்தான் எங்க ஆளுங்க லயத்துல இருப்பாங்க. அம்மாவும் ஒங்களப் பார்க்கணும்னு சொல்றாங்க. மத்தியானச் சாப்பாடு நம்ம வீட்டுலதான்."

இந்தச் சில வார்த்தைகளால் எமது திட்டம் முழுவதும் தலைகீழாயிற்று. அதுவரை நாம் காட்சிகளை வைத்தே நாட்களை அடுக்கியிருந்தோம். இந்நாளில் இந்நீர்வீழ்ச்சி, இந்நாளில் இப்பூங்கா என்றே கணக்கு. எந்த நாளில் அங்குள்ளோர் வீட்டிலிருப்பர் என்ற கேள்வி எங்கள் தாளில் இல்லை. ஞாயிற்றுக்கிழமையை ஹற்றனுக்கென நிறுத்திவிட்டு, அதற்கேற்ப முன்னும் பின்னும் நாட்களை ஒழுங்கு செய்தோம். வியாழன் புறப்பாடு, திங்கள் திரும்புகை.

வியாழன்: நடந்தோரின் வழி

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு ஏ-9 வீதி 321 கிலோமீற்றர். விடியுமுன் புறப்பட்டால், இடையிடையே நின்று சென்றாலும் மாலைக்குள் மாத்தளையை அடைந்துவிடலாம். இவ்வீதியைப் பலமுறை கடந்திருக்கின்றோம். ஆயினும் இம்முறை பிள்ளைகளுக்கு அதனை வேறு விதமாகக் காட்ட எண்ணியுள்ளோம்.

19 ஆம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்கென்று தமிழகத்திலிருந்து வந்த மக்கள், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டினூடே கால்நடையாகத் தெற்கு நோக்கி வந்தனர். தம்புள்ளையைத் தாண்டி மாத்தளையை அடைந்த பின்னரே மலைத் தோட்டங்களுக்குப் பிரிந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் வழியிலே பலரைக் கொண்டுபோயின. அவ்வாறு அவர்கள் நடந்த வழியின் தென்பகுதியையே இன்று நாம் வழவழப்பான வீதியில் வண்டியிற் கடக்கின்றோம். கோப்பித் தோட்டங்களுக்கு மக்கள் வரத் தொடங்கி 200 ஆண்டு நிறைந்ததை நினைவுகூர்ந்து, 2023 ஜூலை இறுதியில் தலைமன்னாரிலிருந்து ஒரு கூட்டத்தார் நடைபயணம் புறப்பட்டு, ஓகஸ்ட் நடுப்பகுதியில் மாத்தளையை வந்தடைந்தனர். பேரப்பிள்ளைகள் மூதாதையரின் அடிச்சுவட்டில் நடந்த நடை அது.

வழியில் இன்னொன்றும் உண்டு. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வாழ்வோரிற் பலர் மலையகத்திலிருந்து வந்து குடியேறியோர். 1977 ஆம் ஆண்டிலும் 1983 ஆம் ஆண்டிலும் நிகழ்ந்த வன்செயல்களின் பின் தோட்டங்களைவிட்டு வடக்கே வந்தனர். ஆகையால் மலைநாட்டுக் கதை கண்டிக்கு அப்பால் தொடங்குவதன்று. யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிக தூரத்திலேயே தொடங்குகின்றது.

மாத்தளையில் முத்துமாரியம்மன் ஆலயத்தை வணங்குவோம். நடந்து வந்தோர் முதலிலே தலைசாய்த்த ஊர் இது. அவ்வூரிற் கோபுரம் எழுப்பி நிற்கும் அம்மனைக் காணாது மேலே செல்லலாகாது என்பது இல்லத்தாரின் கருத்து. அங்கிருந்து கண்டி 26 கிலோமீற்றர். இரவு தங்கல் அங்கே.

வெள்ளி: கோப்பியும் தேயிலையும்

பேராதனையிலிருந்து ஏ-5 வீதி கம்பளை, புசல்லாவை, இறம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறுகின்றது. கண்டியிலிருந்து 77 கிலோமீற்றர்தான். ஆனால் அரைநாளை அதற்கென்று ஒதுக்குதல் நன்று. கம்பளைக்கு அருகே சிங்ஹபிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் என்ற ஆங்கிலேயர் 1820 களிற் பெருங் கோப்பித் தோட்டம் அமைத்தார். கோப்பியின் செல்வாக்கு அரை நூற்றாண்டு நின்றது. 1869 இல் இலைகளிற் செந்துருப்புப் போன்று ஒரு பூஞ்சண நோய் தோன்றிற்று. சில ஆண்டுகளுள் மலையெல்லாம் கோப்பிச் செடிகள் பட்டுப்போயின. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே, 1867 இல், ஜேம்ஸ் ரெயிலர் என்ற ஸ்கொத்லாந்துக்காரர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். நோய் கோப்பியை அழித்தபோது, இந்த 19 ஏக்கரே நாட்டுக்கு வழிகாட்டியது.

இறம்பொடை ஏற்றம் இப்பயணத்தின் சிகரம். மழைக்காலமாதலால் நீர்வீழ்ச்சிகள் நிறைந்து பாயும். ஏப்பிரலில் நூலாகத் தொங்கியவை இப்போது ஆறாக விழும். அது பருவமல்லாக் காலம் தரும் பரிசு. அவ்விடத்து ஆஞ்சநேயர் ஆலயத்தைத் தரிசித்து, மேலே லபுக்கலைத் தோட்டத்துத் தொழிற்சாலையைப் பார்வையிடுவோம். அங்கே பார்வையாளருக்கு இடமளிக்கின்றனர்.

கொழுந்து தூளாவது எப்படி என்பதை மாணவர் அறிதல் நன்று. கொய்த கொழுந்தை முதலில் வாட்டுவர், பின் உருட்டுவர், காற்றுப்படப் பரப்பி நிறமேற விடுவர், வெந்நிறக் காற்றில் உலர்த்துவர், சல்லடையில் தரம் பிரிப்பர். ஒரு கிலோ தூளுக்கு நாலரைக் கிலோவுக்குக் குறையாத பச்சைக் கொழுந்து வேண்டும். தொழிற்சாலையின் மேல்மாடிகளில் இத்தனை சாளரங்கள் ஏன் என்று பிள்ளைகள் கேட்பர். அவை கொழுந்து வாட்டும் அறைகள். ஈரக் காலத்தில் வாட்டுதற்கு நேரம் மிகும். மழையிற் செடி விரைந்து துளிர்ப்பதால் கொழுந்து மிகும், மணமோ குறையும். திம்புளைப் பகுதித் தேயிலையின் சிறந்த மணம் சனவரி முதல் மார்ச் வரையிலும், ஊவாத் தேயிலையின் மணம் வரண்ட காற்று வீசும் ஜூலை முதல் செப்ரெம்பர் வரையிலும் வாய்க்கும். பிரான்சு தேசத்தின் தென்பகுதியில் ஒவ்வொரு மலைச்சரிவின் திராட்சைக்கும் ஒரு தனிச் சுவை உண்டென்பர். எமது தேயிலையும் அத்தகையதே. மண்ணும் காற்றும் மாதமும் கோப்பைக்குள் வந்துசேர்கின்றன.

அன்று வேலைநாள் ஆதலின் வீதியோரச் சரிவுகளிற் கொழுந்து கொய்வோரைக் காண்போம். மழையில் தலைமேற் கொங்காணியும் இடுப்பிற் படங்கும் கட்டி, காலில் அட்டை ஏற ஏற நின்று கொய்வார்கள். ஈரக் கொழுந்தை நிறுக்கும்போது நீருக்கென்று நிறை கழிக்கும் வழக்கம் உண்டு. எமக்கு அழகாகத் தோன்றும் மழை, அவர்களுடைய கூடையிற் கழிவாகப் பதியப்படுகின்றது. வண்டியை நிறுத்தி, அவர்களைச் சிரிக்கச் சொல்லிப் படமெடுத்து, கையில் நாணயம் வைத்துவிட்டுப் போகும் வழக்கத்தை எமது குடும்பத்தார் கைக்கொள்வதில்லை என்று முன்னரே பேசிக்கொண்டோம். எமது வீட்டு முற்றத்துக்கு அந்நியர் வந்து அவ்வாறு செய்தால் நாம் பொறுப்போமா?

சனி: ஓய்ந்த நகரம்

நுவரெலியாவிற் சனிக்கிழமை முழுவதும் தங்கல். பருவம் ஓய்ந்தபின் அறை வாடகை வெகுவாகக் குறையும். விடுதிக்காரரும் ஆறுதலாகப் பேசுவர். பழைய துரைமாரின் பங்களாக்கள் பல இன்று விலையுயர்ந்த விடுதிகளாகிவிட்டன. அவை ஆசிரியச் சம்பளத்துக்கு எட்டாதவை. வெந்நீரும் கம்பளியும் உள்ள சிறு விடுதியே எமக்குப் போதும்.

காலையில் சீதா எலிய அம்மன் கோயில்; அதனை அடுத்து ஹக்கலைப் பூங்கா. இப்பூங்கா 1861 இற் காய்ச்சல் மருந்தாகிய கொயினாவைத் தரும் சிங்கோனா மரங்களை வளர்க்கத் தொடங்கப்பட்டதென்பதை இன்று பலர் அறியார். பிற்பகலில், மழை விட்டால், வாவிக்கரை. சனக்கூட்டமற்ற அந்த நடையே போதிய இன்பம். ஹோட்டன் சமவெளிக்கு விடியுமுன் செல்லாவிடின் உலக முடிவைப் பனி மூடிவிடும். மழைமாதத்தில் அது பெரும்பாலும் நாள் முழுவதும் மூடியே கிடக்கும். ஆதலின் அதனை இம்முறை விட்டுவிட்டோம்.

ஏப்பிரலின் வருவாயை நம்பியே ஆண்டு முழுவதும் வாழும் கடைக்காரர், முச்சக்கர வண்டிக்காரர், குதிரைக்காரர் பலர் இந்நகரில் உளர். பருவம் தப்பிய மாதத்தில் வரும் ஒரு குடும்பத்தின் செலவு அவர்களுக்குப் பெரிது. புயலின் பின் இன்னும் பெரிது. துன்பம் நேர்ந்த இடத்துக்கு உல்லாசமாகப் போகலாமா என்று உறவினர் ஒருவர் கேட்டார். வீதி திறந்து, எச்சரிக்கை நீங்கிய பின் போகாமலிருப்பதுதான் அவர்களுக்குச் செய்யும் தீங்கு என்பது எமது எண்ணம். லீக்ஸ், கரட், கோவா, பீற்றூட் முதலியவற்றை ஊருக்கு வாங்கும் பட்டியலை இல்லத்தார் எழுதிவிட்டார்.

ஞாயிறு: ஹற்றன்

நானுஓயா, தலவாக்கலை, கொட்டகலை வழியே ஹற்றன் செல்லும் வீதிக்கு ஒப்பான வீதி இலங்கையில் வேறில்லை எனலாம். தலவாக்கலையை அடுத்த மடக்கும்புரைத் தோட்டத்திற் பிறந்தவர் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை. 1947 இல் தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாகப் பாராளுமன்றஞ் சென்றவர். அடுத்த ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டம் அவரைத் தெரிந்தனுப்பிய மக்களை நாடற்றவராக்கியது, வாக்கும் பறிபோயிற்று. 1964 இல் இரு நாட்டுப் பிரதமரும் செய்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. குடும்பங்கள் அக்கணக்கில் இரண்டாகப் பிரிந்தன. எஞ்சியோர்க்கு முழுமையாகக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது. எமது மகளின் வரலாற்றுப் புத்தகத்தில் இவை சில வரிகள். அவ்வரிகளுக்கு உரியவர்களை நேரிற் காணும் நாள் ஞாயிற்றுக்கிழமை.

தலவாக்கலையில் மேற்கொத்மலை அணையைக் காண்போம். 2012 இல் இயங்கத் தொடங்கிய 150 மெகாவாற்று நீர்மின் நிலையம் அதனைச் சார்ந்தது. அதற்கென நீர் திருப்பப்பட்டதால் செயின்ற் கிளயர் நீர்வீழ்ச்சி முன்போற் பெருகுவதில்லை. டெவன் நீர்வீழ்ச்சி இன்றும் எதிர்ச் சரிவில் விழுகின்றது. ஹற்றனில் மாணிக்கப் பிள்ளையாரை வணங்கி, டிக்கோயா, நோர்வூட் பக்கம் காசல்ரீ நீர்த்தேக்கக் கரையால் மஸ்கெலியா செல்லலாம். மவுசாக்கலை நீர்த்தேக்கம் அமைந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருள் மூழ்கியது. வரட்சியில் நீர் வற்றினால் பழைய வழிபாட்டிடங்களின் எச்சங்கள் வெளித்தோன்றும். நாம் செல்லும் மாதத்தில் அவை நீரின் கீழே இருக்கும். எதிரே சிவனொளிபாதமலை, முகில் விலகினால், முக்கோணமாகத் தெரியும். பருவமல்லாக் காலத்திற் படிகளில் விளக்கில்லை, கடையில்லை, காற்றும் அட்டையும் மிகுதி. ஏறுவதில்லை, கீழிருந்து வணங்குவோம்.

நண்பகல் மாணவருடைய வீட்டில் விருந்து. அவருடைய தாயார் முப்பதாண்டுக்கு மேற் கொழுந்து கொய்து ஓய்வுபெற்றவர்; இன்னும் லயத்திலேயே குடியிருக்கின்றார். நீண்ட ஒரே கூரை. அதன்கீழ் வரிசையாக அறைகள். ஒவ்வோர் அறையிலும் ஒரு குடும்பம். வெள்ளையராட்சியில் எழுந்த இவ்வமைப்பில் இன்னும் பல குடும்பங்கள் வாழ்கின்றன. தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாயாக வேண்டுமென்று ஆண்டுக்கணக்காகப் போராடியபின், 2021 இலேயே அது நிர்ணயமாயிற்று. பின்னர் மேலும் உயர்ந்தது. அவ்வீட்டில் எமக்காக ஆக்கப்படும் சோற்றின் பெறுமதியை எமது பிள்ளைகள் அறிந்து உண்ணுதல் வேண்டும்.

என்ன கொண்டுபோவது என்பதில் வீட்டிற் சிறு விவாதம் நடந்தது. பணமாகக் கொடுத்தால் உதவியாக இருக்குமே என்றான் மகன். "சாப்பிட அழைத்தவர்களுக்குக் காசு நீட்டுவது மரியாதையோ? உறவினர் வீட்டுக்குப் போகும்போது என்ன கொண்டுபோவோமோ, அதையே கொண்டுபோவோம்" என்றார் அவனுடைய தாயார். பனங்கட்டி, புழுக்கொடியல், நல்லெண்ணெய், ஒரு குலை இதரை வாழைப்பழம் என்று பட்டியல் முடிந்தது. மாணவர் தம் வகுப்புப் பிள்ளைகளுக்காக ஒன்று மட்டும் கேட்டார்: உயர்தரக் கணித, விஞ்ஞானப் பாடங்களின் பழைய வினாத்தாள்கள். யாழ்ப்பாணத்தில் எவ்வீட்டு அலுமாரியிலும் அவை குவிந்து கிடக்கின்றன. அங்கே அவற்றுக்காக ஏங்குகின்றனர். பயணம் போகும் ஏனைய ஆசிரியக் குடும்பங்களும் வண்டியில் அதற்கு ஒரு மூலையை ஒதுக்கலாம்.

திங்கள்

திங்கட்கிழமை காலையில் வட்டவளை, கினிகத்தேனை வழியாக இறங்கி, நாவலப்பிட்டி, கம்பளையூடாகக் கண்டியை அடைந்து, ஏ-9 இல் வடக்கு நோக்கித் திரும்புவோம். கினிகத்தேனை இறக்கம் நீண்டது. மழையும் அங்கேதான் மிகுதி. ஆகவே விடிந்ததும் புறப்பாடு. களைத்தால் தம்புள்ளையில் ஓர் இரவு தங்குவதற்கும் பணம் ஒதுக்கியுள்ளோம். குடைகள், இறப்பர்ச் சப்பாத்து, அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும், மாற்றுடை, கைவிளக்கு, மருந்துப் பெட்டி ஆகியன வண்டியின் பின்புறத்தில் இடம் பிடித்துவிட்டன.

திட்டம் முற்றுப்பெற்றதென்று தாளை மடிக்கும்போது மகள் ஒரு கேள்வி எழுப்பினாள்: "நாங்கள் அவர்கள் வீட்டுக்குப் போகிறோமே, அவர்கள் எப்போது எங்கள் வீட்டுக்கு வருவார்கள்?" அதனை மாணவரிடம் சொன்னோம். தம் தாயார் இன்றுவரை கடலைக் கண்டதில்லை என்றார் அவர். அவருடைய பாட்டனாரின் பாட்டனார் கடல் கடந்து வந்தவர். அவருடைய தாயாரோ மலையைவிட்டு இறங்கியதே அரிது. மாசி மாதத்தில், வடகீழ் மழை ஓய்ந்து கீரிமலைக் கடல் அடங்கியிருக்கும்போது, தாயும் மகனும் எமது இல்லத்துக்கு வருவதெனப் பேசி முடித்துள்ளோம். நாட்காட்டியில் அந்நாட்களையும் குறித்தாயிற்று.